வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?

எங்கள் சபையின் வாலிபப் பிள்ளைகள் போன மாதம் ஒரு வீடியோ தயாரித்தார்கள். ஜெப ஊழியத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வீடியோ. தலைப்பு ‘ஆவிக்குரிய யுத்தம்’. அதில் காலமாகிவிட்ட எங்கள் போதகர் எபநேசர் ஐயாவின் போட்டோ வருகிறது. போட்டோ வாயைத் திறந்து பேசுகிறது. அவருடைய பழைய பிரசங்கங்களை எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போட்டால் அதுவே அவர் குரலில் பேசிவிடுமாம். குரல் அச்சு அசல் ஐயாதான், இடையில் தொண்டையைச் செருமுவதுகூட. ஆனால் அந்தக் குரல், “அந்தகார வல்லமையே, ஓடிப்போ! ஓடிப்போ!” என்று ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரி கத்தியது.

“எப்படி ஆன்ட்டி இருக்கு?” என்று ஆசையோடு கேட்டார்கள்.

“குரல் ஐயாவுடையது. பேசுறது அவர் இல்ல” என்றேன்.

பிள்ளைகளின் முகம் தொங்கிப்போயிற்று. பாவம், ராப்பகலாக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். ஆனால் நான் என்ன செய்வேன்? ஐயா ஒரு தெருநாயைக்கூட அந்தக் குரலில் விரட்டி நான் பார்த்ததில்லை. “அப்ப அவரு எப்படித்தான் ஜெபிப்பாரு, சொல்லுங்களேன்” என்றாள் ஒருத்தி. சொல்லத் தொடங்கினேன். எனக்குப் பேசினால் கோபம் முந்திக்கொண்டு வந்துவிடும், சொல்ல வந்தது பின்னால் நின்றுவிடும். அன்றைக்கும் அதுதான் நடந்தது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் ரூத். சபையில் சந்திப்பு ஊழியம் செய்தவள். வீடு வீடாகப் போய் ஆட்களைப் பார்த்து, அவர்கள் பாடுகளைக் கேட்டு, ஜெபித்துவிட்டு வருகிற வேலை. முழங்கால் இரண்டும் மக்கர் செய்ய ஆரம்பித்ததும் சால்வை போர்த்தி ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

கல்யாணமாகித் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு ஊழியம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனேன். தைத்து வந்த சட்டையை மேசையில் விரித்து, கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். நாள் பூராவும் குறை தேடிப் பழகின கண், ஞாயிற்றுக்கிழமை சபையில் முன்னால் நிற்கிறவள் சேலையிலும் போய்த் தேடும். ஐயா அதைக் கவனித்திருக்கிறார். “ரூத்து, மனுசங்க மேல ஸ்டிக்கர் ஒட்டாம இருக்கப் படிச்சேன்னா நீ ஊழியத்துக்கு ஆவ” என்றார் ஒருநாள். கேலியாகத்தான் சொன்னார், எனக்குச் சுருக்கென்றிருந்தது. கொஞ்ச காலத்தில் கம்பெனி வேலையை விட்டு அவருக்குக் கீழே சேர்ந்தேன். ஸ்டிக்கர் ஒட்டாமல் இருக்க முழுவதும் படித்துவிட்டேன் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

ஐயா திருநெல்வேலிச் சீமைக்காரர். ஒல்லியான உடம்பு, பழைய மொபெட், முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்குத் தனியாகப் போகவே மாட்டார். நான் டவுன் பஸ்ஸில் வந்து சேருகிற வரைக்கும் அந்தத் தெரு முனை டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். ‘பேய் பிடிச்சிருக்கு’, ‘பொல்லாத ஆவி இருக்கு’ என்று எங்களைக் கூப்பிடுகிற வீடுகள் வருஷத்துக்கு எத்தனையோ. அங்கெல்லாம் அவர் நடந்துகொள்ளும் விதம் ஒரே மாதிரி இருக்கும்.

வெறுங்கையோடு போகக் கூடாது. ஒரு சீப்பு வாழைப்பழமாவது என் பையில் இருக்க வேண்டும். உள்ளே போனதும் ஐயா கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஜெபிக்கும்போது மணியைப் பார்த்தால் எதிரில் இருக்கிறவருக்கு நாம் கிளம்பத் தயாராக இருப்பதாகத் தோன்றுமாம். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். பாதிக்கப்பட்டவர் தரையில் இருந்தால் அவரும் தரையில். கதவைச் சாத்த விடமாட்டார். எந்தப் பெண்ணின் தலையிலும் கை வைக்க மாட்டார், மயிரைப் பிடிக்கிறதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவள் விரும்பினால் நான் கையைப் பிடித்துக்கொள்ளலாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்து என்று அவர் வாயிலிருந்து ஒருமுறைகூட வந்ததில்லை. பிசாசு என்ற சொல்லை நாமாக முதலில் எடுக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருப்பார். “நீ ஒரு வார்த்தையை வாயில வச்சு ஊட்டினா, பயந்தவங்க அதையே முழுங்கிட்டு நம்மகிட்டயே திருப்பிச் சொல்லுவாங்க” என்பார்.

முதலில் பெயரைக் கேட்பார். உடனே, “வீட்டுல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?” என்று கேட்பார். எங்கே போனாலும் இந்தக் கேள்வி உண்டு. ஏன் ஐயா என்று கேட்டதற்கு, “முழுப் பேரச் சொல்லிக் கூப்பிடுறது சூப்பர்வைசரு, போலீசு, கோர்ட்டு. அந்தப் பேருக்கு எவனும் மனசத் தெறக்க மாட்டான்” என்றார். பாப்பா, ராசு, குட்டி, சின்னவ, என்னென்னவோ பெயர்கள் வரும். அதற்கப்புறம் ஜெபத்திலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஜெபிப்பார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஓ, இவர்கள் பிசாசையே நம்பாதவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். நம்பினோம், நான் இன்றைக்கும் நம்புகிறேன். காதர்பேட்டையில் பனியன் பண்டல் தூக்குகிற ஒருவர், கடைக்குள்ளேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அவருடையது அல்லாத ஒரு குரலில் கெட்ட வார்த்தையாகக் கொட்டிக்கொண்டிருந்தார். நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. ஐயா பக்கத்தில் போய் அமர்ந்து, அவர் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட வீட்டுப் பெயரைச் சொல்லி, எனக்கே காதில் விழாத சத்தத்தில் ஜெபித்தார். அந்த ஆள் தலையை ஐயாவின் தோளில் சாய்த்துத் தூங்கிவிட்டார். எழுந்தபோது பழைய ஆளாக இருந்தார். அது என்ன என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்ததும் ஐயாவிடம் கேட்டேன். “எனக்கும் தெரியாதும்மா. தெரிஞ்ச மாதிரி நடிச்சா அதுதான் ஆபத்து” என்று மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

இனி கௌசல்யாவின் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

எங்கள் சபையில் ஜெபசிங் என்று ஒரு கட்டிங் மாஸ்டர். தூத்துக்குடிக்காரன், எங்கள் ஊர்ப் பக்கம். கூட வேலை செய்த கௌசல்யாவைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் பெருமாநல்லூருக்கு அந்தப் பக்கம் தோட்டங்காட்டில் இருக்கும் கவுண்டர் வீட்டுப் பெண். அவள் அப்பா வாசலில் வைத்தே ஜெபசிங்கைக் கண்டபடி பேசி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டோடு போக்குவரத்து இல்லை. ஆண் குழந்தை பிறந்ததும் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து ஜெபசிங்கின் அம்மா தங்கபுஷ்பம் வந்தாள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, பீடி சுற்றி ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். நல்ல ஜெபக்காரி. அவளை யாரும் பொல்லாதவள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

திருப்பூரில் அவளுக்கு ஆள் பழக்கம் இல்லை. வீட்டு வேலை முடிந்தால் கையில் போன்தான். மகன் வாங்கிக் கொடுத்தது. யாரோ ஒரு பிரசங்கியார் அதில் வந்த வீடியோவில் கேட்டிருக்கிறார்: உங்கள் மருமகள் தனியாகப் பேசுகிறாளா? சாப்பாடு வேண்டாம் என்கிறாளா? சும்மா இருக்கும்போதே அழுகிறாளா? அப்படியானால் அவள் பிறந்த வீட்டின் அந்நிய ஆவி உங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. பிள்ளை பெற்ற எவளுக்குத்தான் இதெல்லாம் இல்லை? ஆனால் தங்கபுஷ்பத்துக்கு அது அவளிடமே நேராகப் பேசுகிற மாதிரி இருந்திருக்கிறது. ஒன்றைப் பார்த்து முடித்தால் அதே மாதிரி இன்னொன்றை போனே எடுத்துக் கொடுக்கிறது. அவள் பயம் எதுவோ அதையே தட்டில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து என் வீட்டுக்கு வந்தாள்.

“அக்கா, எம் மருமவமேல பொல்லாத ஆவி இருக்கு. நான் சும்மா சொல்லல. பாத்ரூமுக்குள்ள நின்னு அவ பேசினத எங் காதால கேட்டேன். ‘சாமி வான்னு கூப்பிடறாரு’ன்னு சொல்லுதா. யாருகிட்ட பேசினன்னு கேட்டா யாருமில்லங்கா. தூக்கத்துலயும் அதையே பினாத்துதா, சாமி வா, சாமி வான்னு.”

எனக்கும் உள்ளூர ஒரு நடுக்கம் வந்தது. அவள் சொன்ன விதம் அப்படி.

மேற்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டதும் நடுக்கம் போய்க் கவலை வந்துவிட்டது. அந்த ஆவியின் பால் பேரனுக்குள் போகக் கூடாதென்று பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து, தன்னோடு வைத்துக்கொண்டு புட்டிப்பால் கொடுக்கிறாளாம். மருமகளை உபவாசத்தில் உட்கார்த்தியிருக்கிறாளாம். மறுநாள் காலையில் அவளை மலையடிவாரத்தில் நடக்கிற ஒரு விடுதலை முகாமுக்கு அனுப்பப் போகிறார்கள். வேன் சொல்லியாகிவிட்டது. அங்கே சாப்பாடு கிடையாது. ஆவி போகிற வரைக்கும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். குழந்தை கூட வரக் கூடாது. பிள்ளை பெற்று மூன்று மாதம்கூட ஆகாத உடம்பு அது. நான் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு ஐயாவுக்குப் போன் போட்டேன்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டோம். வரிசையாக ஏழெட்டு வீடுகள் உள்ள லைன் வீடு. கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. ஜெபசிங் வாசலிலேயே நின்றான்.

“எனக்கு ஒண்ணும் புரியலைய்யா. அம்மா சொல்லுறதக் கேட்டாலும் பயமா இருக்கு. அவ மூஞ்சியப் பாத்தாலும் பயமா இருக்கு” என்றான்.

கௌசல்யா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளறையில் குழந்தை அழுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. பால் கட்டி, நைட்டியின் முன்பக்கம் நனைந்து விறைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஐயா கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். அவளுக்குக் கொஞ்ச தூரத்தில் தரையில் உட்கார்ந்தார். தங்கபுஷ்பம் கதவைச் சாத்தப் போனாள். “தெறந்தே இருக்கட்டும். மறைக்கிற மாதிரி நாம ஒண்ணும் பண்ணப் போறதில்ல” என்றார். பக்கத்து வீட்டு ஒடிசாக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் வாழைப்பழத்தை நீட்டினேன். கௌசல்யா மாமியாரைப் பார்த்தாள்.

“உபவாசமுங்க” என்றாள்.

“நானும் மத்தியானம் சாப்பிடலம்மா. நீ ஒண்ணு தின்னா நானும் ஒண்ணு திம்பேன். இல்லன்னா ரெண்டு பேரும் பசியோட கெடப்போம்” என்றார் ஐயா. அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் பழத்தைத் தின்று முடித்தார்கள்.

“உம் பேரு என்னம்மா?”

“கௌசல்யாங்க.”

“வீட்டுல உன்ன எப்படிக் கூப்பிடுவாங்க?”

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “இந்த ஊட்லீங்களா?”

“எந்த வீடா இருந்தாலும் சரி. ரொம்பப் பிரியமா இருக்கவங்க எப்படிக் கூப்பிடுவாங்க?”

“எங்கப்பா சாமின்னுதானுங்க கூப்பிடுவாரு.”

தங்கபுஷ்பம் பால் புட்டியோடு உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

கோயம்புத்தூர் திருப்பூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. இங்கே பெரியவர்களையும் மரியாதையாகச் சாமி என்பார்கள், பெற்ற பிள்ளையையும் கொஞ்சலாகச் சாமி என்பார்கள். சாப்பிட்டயா சாமி, ஏஞ்சாமி அழுவற என்று தெருவில் எந்த வீட்டிலும் கேட்கலாம். ஆனால் எங்கள் தெற்குத்திக் கிறிஸ்தவர்கள் காதுக்குச் சாமி என்றால் கோயிலில் இருக்கிற சாமி ஒன்றுதான். நாங்கள் ஆண்டவர் என்போம், கர்த்தர் என்போம், வீட்டில் யாரையும் அந்தச் சொல்லால் கூப்பிட மாட்டோம். ‘சாமி, வா’ என்று ஒரு அப்பா மகளைக் கூப்பிட்டது, கதவுக்கு இந்தப் பக்கம் வந்து சேரும்போது சாமியே வந்து ‘வா’ என்று கூப்பிட்டதாகிவிட்டது.

ஐயா மாமியார் பக்கம் திரும்பவில்லை. “அப்பா எப்படி இருக்காரு?” என்று கௌசல்யாவிடம் கேட்டார்.

அவ்வளவுதான், அவள் உடைந்துபோனாள். “கை கால் இழுத்துக்கிச்சுங்க. ஒரு பக்கம் பூரா அசைவில்லீங்க. பேச்சும் போயிருச்சு. ‘சாமி’, ‘வா’, அந்த ரெண்டு வார்த்தைதானுங்க வருது. எங்கம்மா யாருக்கும் தெரியாம போன் பண்ணி அவரு வாய்கிட்ட புடிப்பாங்க. அவரு சாமி வா, சாமி வான்னு அதையே சொல்லுவாருங்க. நான் பாத்ரூமுல நின்னு கேப்பேனுங்க, எங்கம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேசுவேனுங்க.”

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றான் ஜெபசிங்.

“உங்களை வாசல்ல நிக்க வெச்சுப் பேசாத பேச்செல்லாம் பேசினாருங்களே. இப்ப அவரைப் பாக்கப் போகோணும்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுங்க கேக்கறது?”

அவள் ஐயாவிடம் திரும்பினாள். அடுத்து அவள் சொன்னது அந்த வீட்டில் யாரும் எதிர்பாராதது.

“அத்தை தினமும் வெடியால எந்திரிச்சு ஜெபம் பண்றாங்க. சாமி, வெளிய போ, இந்த ஊட்டை விட்டு வெளிய போன்னு சத்தம் போட்டுச் சொல்றாங்க. ஜெபந்தான்னு தெரியுமுங்க. என்னைச் சொல்லலைன்னும் தெரியுமுங்க. ஆனா பொறந்ததுல இருந்து அந்தப் பேரு என்ற பேருங்க. அங்க எங்கப்பா சாமி வாங்கறாரு. இங்க அத்தை சாமி போங்கறாங்க. நான் எங்கீங்க போறது?”

தங்கபுஷ்பம் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். “ஆண்டவரே, ஆண்டவரே” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். ஐயா அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நானாக இருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். அவர் அவள் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து பேசினார்.

“தங்கபுஷ்பம், ஒனக்கு எதிரி ஒருத்தன் இருக்கான்னு நீ நெனச்சது தப்பில்ல. அவன் இந்த வீட்டுக்குள்ள வந்ததும் உண்மைதான். ஆனா வந்த வழிதான் வேற. அவன் முழுப் பொய்யா சொன்னா நீ நம்பியிருக்க மாட்ட, நீ ஜெபக்காரி. பாதி உண்மையக் கேக்க வச்சான். மீதிய நம்ம பயத்தையே எழுதிக்க வச்சான். அவன் வேல என்ன தெரியுமா? தாயையும் பிள்ளையையும் பிரிக்கிறது. மகளையும் தகப்பனையும் பிரிக்கிறது. ஒன்னையும் இவளையும் பிரிக்கிறது. எங்க பிரிவு நடக்குதோ அங்க அவனத் தேடு. அழுறவ மேல தேடாத.”

அப்புறம் ஜெபித்தார். வாலிபப் பிள்ளைகள் கேட்டது இதைத்தான், ஆகையால் எனக்கு நினைவிருக்கிற மாதிரி சொல்கிறேன். முதலில் வெகுநேரம் சும்மா இருந்தார். கௌசல்யாவுக்காக, அவளுடைய அப்பாவுக்காக, தங்கபுஷ்பத்தின் பயத்துக்காக ஒவ்வொன்றாக ஆண்டவரிடம் சொன்னார். “இந்தச் சாமியை நீர் பேர் சொல்லி அழைத்தீர் ஐயா” என்றார். எங்கள் சபைப் போதகர் ஒருவர் அந்தச் சொல்லை ஜெபத்தில் சொல்லி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். கடைசியில்தான் எதிரியிடம் பேசினார். “இந்த வீட்டில் உன் வேலை முடிந்தது. இயேசுவின் நாமத்தில் போய்விடு” என்றார். அடுத்த ஸ்டாப்பில் இறங்குகிறேன் என்று கண்டக்டரிடம் சொல்லுவோமே, அந்தச் சத்தம்தான். இரண்டாம் முறை சொல்லவில்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது தங்கபுஷ்பம் அங்கே இல்லை. உள்ளேயிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கௌசல்யாவின் மடியில் போட்டாள். தன் முந்தானையை எடுத்து மருமகளின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள்.

“குடு மக்களே. புள்ள ரப்பரைச் சப்பிக்கிட்டு அழுதுகிட்டே கெடக்கான்” என்றாள். எங்கள் ஊர்ப் பக்கம் பெற்ற பிள்ளையைக் கொஞ்சலாக மக்களே என்றுதான் கூப்பிடுவோம்.

ஐயா எழுந்து ஜெபசிங்கைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். குழந்தை வாய் வைத்ததும் கௌசல்யா பல்லைக் கடித்துக்கொண்டாள், கட்டிய பால் அப்படி வலிக்கும். நான் வெந்நீரில் துணியை நனைத்துக் கொடுத்தேன். தங்கபுஷ்பம் அதை வாங்கி ஒத்தடம் கொடுத்தாள்.

மறுநாள் முகாம் வேன் வந்தது. தங்கபுஷ்பமே வெளியே போய், “எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்ல, நீங்க போங்க” என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். ஐயா சொன்னபடி நான் கௌசல்யாவை அரசு ஆஸ்பத்திரி லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைப்பேறுக்குப் பின்னால் சில பேருக்கு இப்படி மனசு தளர்ந்துபோகும், தூங்க விடுங்கள், சாப்பிட வையுங்கள், இன்னும் சில தடவை வந்து காட்டுங்கள் என்றார் அந்த டாக்டர். அவளை அப்பாவிடம் கூட்டிக்கொண்டு போக ஜெபசிங் ரொம்ப யோசிக்கவில்லை. “என்னைப் பேசினது பேசினதுதான். அதுக்காக அவ அப்பா இல்லன்னு ஆயிருமா?” என்று சொல்லிவிட்டான்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து கிளம்பினோம். ஐயா வரவில்லை. “பாஸ்டரும் வந்தா மதம் மாத்த வந்திருக்காங்கன்னு அந்த மனுசங்க மெரண்டுருவாங்க. ரூத்து, நீ தொணைக்குப் போயிட்டு வா. போதனை ஒண்ணும் பண்ணாத” என்று என்னிடம் கண்டித்துச் சொன்னார். ஆட்டோவில் கௌசல்யா, குழந்தை, தங்கபுஷ்பம், நான். ஜெபசிங் பைக்கில் பின்னால் வந்தான். பெருமாநல்லூர் தாண்டும்போதே கௌசல்யா என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

தோட்டத்து வீட்டு முன்னறையில், வாசலைப் பார்த்த மாதிரி கட்டில் போட்டிருந்தது. பெரிய உடம்பு, ஒரு பக்கம் செத்துக் கிடந்தது. வாய் கோணியிருந்தது. மகளைப் பார்த்ததும் அந்த மனிதர் போட்ட சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. “சாமி, சாமி” என்று அழுதார். கௌசல்யா குழந்தையை அவருடைய நல்ல கைப் பக்கம் படுக்க வைத்தாள். அவள் அம்மா அடுப்பு வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டாள்.

ஜெபசிங் வாசலுக்கு வெளியே நின்றான். முன்பு நிற்க வைத்துப் பேசப்பட்ட அதே இடம். உள்ளே போவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கட்டிலில் கிடந்தவர் அவனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தாடை அசைந்தது. ஏதோ பெரிதாகச் சொல்ல வேண்டும் என்று அவர் தவித்ததை எல்லாரும் பார்த்தோம். நல்ல கையைத் தூக்கினார். வந்தது அந்த இரண்டு சொல்தான்.

“சாமி, வா.”

ஜெபசிங் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

தங்கபுஷ்பம் ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை. உள்ளே சுவர் நிறைய சாமி படங்கள் இருந்ததைப் பார்த்தாள், அது ஒன்று. ஆனால் முக்கியமான காரணம் வெட்கம்தான். “நீங்க போங்க அக்கா, நான் எந்த மூஞ்சியோட வருவேன்” என்று சொல்லியிருந்தாள். கட்டிலிலிருந்து பார்த்தால் ஆட்டோ நேராகத் தெரியும். அவர் தலையைத் தூக்கி அங்கே பார்த்தார். யார் என்று மகளிடம் கண்ணால் கேட்டார். “எங்கத்தைங்கப்பா” என்றாள் கௌசல்யா. திரும்பவும் அந்தக் கை மேலே வந்தது. இந்த முறை குரல் வாசல் தாண்டிக் கேட்டது.

“சாமி, வா!”

அவர் மனைவி வெளியே ஓடினாள். “உள்ள வாங்க சம்மந்தி. உங்களைத்தானுங்க கூப்பிடறாரு” என்று கையைப் பிடித்து இழுத்தாள். தங்கபுஷ்பம் இறங்கினாள். உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த வீட்டில் காபி குடித்தோம். நான் ஐயா சொன்னபடி போதனை ஒன்றும் செய்யவில்லை.

கௌசல்யாவையும் குழந்தையையும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அதே ஆட்டோவில் திரும்பினோம். ஜெபசிங் மாமனாரைத் திருப்பிப் படுக்க வைக்க உதவிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். கம்பெனிகள் தெரிய ஆரம்பித்த பிறகு தங்கபுஷ்பம் என் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, அந்த மனுசரு என்னையும் அப்படித்தானே கூப்பிட்டாரு? நீங்க கேட்டியள்லா?”

“கேட்டேன்” என்றேன்.

“நான் போ போன்னுல்லா சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றாள்.